பையைப் பிரிச்சுக் காட்டு

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வெளிவாசலில் அந்த அக்கா நின்றுகொண்டிருப்பார். வெளியே போகிறவர்களின் பில்லை வாங்கி, பைக்குள் இருக்கும் துணியோடு ஒத்துப்பார்த்து, பில்லில் ஓர் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. “பையைப் பிரிச்சுக் காட்டுங்க” என்று ஆரம்பிப்பார். எல்லாம் சரியாக இருந்தால் “போலாம்” என்பார். தீபாவளிக் கூட்டமானாலும் சரி, ஆடித் தள்ளுபடியானாலும் சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ‘நன்றி, மீண்டும் வருக’ என்று சொல்லுமாறு மேனேஜர் கேட்டுப் பார்த்திருக்கிறார். “வருகன்னு சொல்றதுக்கு நான் இன்னா உள்ள வர வாசல்லயா நிக்கிறேன்?” என்று கேட்டுவிட்டாராம்.

ராயப்பேட்டையில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் அவர் எங்களுக்கு எதிர்வீடு. வேலையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை. பால் பாக்கெட்டை வெட்டுவதற்கு முன் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கேஸ் சிலிண்டரின் சீலை நகத்தால் சுரண்டுவார். கல்யாண மண்டபத்தில் கொடுக்கிற தாம்பூலப் பையை அங்கேயே பிரித்து, தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டுவார். கொடுத்தவர்களின் முகம் போகிற போக்கை அவர் கவனிப்பதில்லை.

“இன்னாத்துக்குக்கா இப்டி?” என்று ஒருமுறை கேட்டேன்.

“உள்ள இன்னா கீதுன்னு தெரியாம எப்டி நைனா தூக்கிகினு வர்றது?”

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். லேப் டெக்னாலஜி பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்த அன்று, அம்மா அதை பிளாக் முழுவதும் கொண்டுபோய்க் காட்டினார். எல்லாரும் பிளாஸ்டிக் உறையோடு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அக்கா மட்டும் அதை உறையிலிருந்து உருவி, ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து, முத்திரையை விரலால் தடவினார்.

“இன்னாடி, எம் புள்ள மேலயே சந்தேகமா?” என்று அம்மா எகிறினார்.

“புள்ள மேல இல்லடி, பேப்பர் மேல” என்று சொல்லிவிட்டு, மறுபடி பத்திரமாக உறைக்குள் போட்டுக் கொடுத்தார். “நல்லாத்தான் கீது” என்றார். போலாம் என்று சொல்லவில்லை. கடை வாசலைத் தவிர வேறெங்கும் அந்தச் சொல்லை அவர் செலவழித்ததில்லை.

அவருடைய புருஷன் பல வருஷங்களுக்கு முன்பே வீட்டைவிட்டுப் போய்விட்டார். இவருடைய சந்தேகம் தாங்காமல்தான் போனார் என்று தண்ணி லாரி வரிசையில் பேசிக்கொள்வார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. “நான் சந்தேகப்பட்டதால அவன் போகல. போற மூஞ்சின்னு தெரிஞ்சுதான் சந்தேகமே பட்டேன்” என்று அதே வரிசையில் குடத்தை வைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

வாசல் வேலைக்கு வந்த புதிதில் நடந்த ஒரு விஷயத்தை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கடை வாசலில் இரண்டு பக்கமும் தூண் மாதிரி ஒரு மிஷின் உண்டு. பில் போடும்போது துணியில் மாட்டியிருக்கும் பட்டனைக் கழற்றாவிட்டால், அதைத் தாண்டும்போது அது அலறும். ஒருநாள் மாசமாக இருந்த ஒரு பெண் வெளியே போகும்போது அலறியது. அக்கா “ஏய், நில்லு” என்று கத்தி அவள் கையைப் பிடித்துவிட்டார். பையைப் பிரித்தால் எல்லாத் துணிக்கும் பில் இருந்தது. கவுண்டரில் இருந்தவன் ஒரு பட்டனைக் கழற்ற மறந்திருந்தான். அந்தப் பெண் அங்கேயே நின்று அழுதாளாம்.

“மன்னிப்பு கேட்டேன். கேட்டு இன்னா பண்றது? அத்தினி கண்ணும் அவள பாத்துடுச்சே. அதே வாரம் இன்னொருத்தி பட்டுப் பொடவைய இடுப்புல சுத்திகினு போறா, மிஷினு வாயத் தொறக்கல. அன்னிக்கு முடிவு பண்ணேன். அது கூவுனாலும் பிரிப்பேன், கூவலன்னாலும் பிரிப்பேன். கூவுச்சேன்னு ஒருத்தர திருடின்னு சொல்ல மாட்டேன். கூவலியேன்னு ஒருத்தருக்கும் போலாம் சொல்ல மாட்டேன்.”

எனக்கு மயிலாப்பூரில் ஒரு லேபில் வேலை கிடைத்தது. மார்பில் கட்டி இருக்கிறவர்களிடமிருந்து ஊசியால் எடுத்த சதைத் துணுக்குகள் அங்கே வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடி வில்லையில் ஒட்டுவோம். முன்பு டாக்டர் மேடம் மைக்ரோஸ்கோப்பில் வைத்து நேரடியாகப் பார்ப்பார். நான் சேர்ந்த சமயத்தில் ஏஐ வந்துவிட்டது. வில்லைகளை ஸ்கேனரில் அடுக்கி, படம் பிடித்து, கம்ப்யூட்டருக்குள் அனுப்புவது என் வேலை. புற்றுநோய் என்று அது சந்தேகப்படுகிற இடத்தில் சிவப்பு வட்டம் போடும். ஒன்றும் இல்லையென்றால் படத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு. அதன்பின் மேடம் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொன்னபோது அக்கா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப எங்க வாசல்ல கீதே, அதுமாரிதான்னு சொல்லு.”

“அய்யோ, அது வேறக்கா. இது லட்சக்கணக்கான படத்தப் பாத்துக் கத்துகினு வந்தது.”

“எங்க மிஷினு வந்தப்போவும் டை கட்டிகினு ஒருத்தன் இப்டித்தான் சொன்னான்” என்றார்.

இதற்குச் சில மாதங்கள் கழித்து, குளிக்கும்போது அக்காவுக்கு இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. தன் கையையே நம்பாதவர் அவர். ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் தங்கச்சியை வரவழைத்து, “நீ தொட்டுப் பாரு” என்றிருக்கிறார். தங்கச்சி தொட்டுப் பார்த்து அழ ஆரம்பித்ததும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஊசி போட்டு எடுத்த சதை எங்கள் லேபுக்கு வந்தது. வில்லைகளில் எண்தான் இருக்கும். ரிப்போர்ட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

புற்றுநோய். கட்டியை அறுத்து எடுத்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அம்மா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டார். அக்கா அழவில்லை.

“இது உங்க லேப்தான? எவன் பாத்தான் இத?”

“எங்க டாக்டர் மேடம் பாத்தாங்கக்கா. கையெழுத்து போட்டுக்கீறாங்க பாரு.”

“கையெழுத்து கீது. நீ பாத்தியா, அவங்க பாத்தத?”

அவரை நேரில் கூட்டிக்கொண்டு போனால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். சதையைப் பரிசோதிக்கிற டாக்டரை எந்த நோயாளியும் சந்திப்பதில்லை, யாரும் கேட்பதுமில்லை. நான் கேட்டதும் மேடமுக்கே ஆச்சரியம். “வரச்சொல்லேன், பேஷா காட்டறேன்” என்றார். மேடம் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்; எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாது.

கம்ப்யூட்டர் திரையில் அக்காவின் சதை ரோஜா நிறத்திலும் ஊதாவிலும் விரிந்தது. அதன்மேல் இரண்டு சிவப்பு வட்டங்கள்.

“இதோ பாருங்கோ, இந்த வட்டத்தை நான் ஒத்துக்கலை. ஊசியால எடுக்கறச்சே சதை நசுங்கிடுத்து. நசுங்கின இடம் கறுத்துத் தெரியும், மிஷின் ஏமாந்துடும். ஆனா இது இருக்கே, இது நிஜம். செல்லெல்லாம் வேலி தாண்டிண்டு வெளில வந்துடுத்து, தெரியறதோல்லியோ?”

அக்கா திரைக்கு வெகு அருகே போய், பில்லைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். பிறகு மேடம் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு தபா கூவிக்கீது. ஒண்ணு பொய்யின்னு நீங்களே சொல்றீங்க. இன்னொண்ணு மட்டும் எப்டிம்மா நெசம்?”

“அதுக்குத்தானே நான் பார்க்கறேன்.”

“அது கூவுறதுக்கு முன்னாடி பாத்தீங்களா, கூவுனப்புறம் பாத்தீங்களா?”

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். “அப்புறம்தான்” என்றார்.

“கூவுனப்புறம் பாத்தா எல்லா மூஞ்சியும் திருட்டு மூஞ்சியாத்தாம்மா தெரியும். நானே ஒருத்திய அப்டி அழ வெச்சிக்கீறேன்.”

மேடமுக்குக் கோபம் வரவில்லை. “நீங்க கேக்கறது நியாயம்தான். நான் சொல்றதும் நிஜம்தான். ஒண்ணு பண்ணுங்கோ, இந்தக் கண்ணாடி வில்லையெல்லாம் உங்க சொத்து. எடுத்துண்டு போய் வேற ஒருத்தர்ட்ட காட்டுங்கோ. ஆனா நாளைக் கடத்தாதீங்கோ” என்றார்.

வில்லைகளுக்கென்று எங்களிடம் சின்ன பிளாஸ்டிக் பெட்டி உண்டு. அக்கா அந்தப் பெட்டியைத் தன் டிபன் டப்பாவுக்குள் வைத்து, அந்த டப்பாவைக் கடைப் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் இலேசாகச் சாய்ந்ததற்குக்கூடச் சண்டை போட்டாராம்.

அதன்பின் தினமும் கேட்பேன். “காட்டினியாக்கா?” “காட்டுவேன்.” “ஆப்பரேசனுக்குத் தேதி குடுத்தாங்களாமே?” “குடுப்பாங்க, அவங்க வேல அது.” ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதிக்கு அவர் போகவில்லை. அன்றைக்கும் கடை வாசலில் நின்று பில் பார்த்துவிட்டு வந்தார். நான் பார்த்த சிவப்பு வட்டம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவது போலத் தோன்றும். இது சந்தேகம்தானா, இல்லை பயத்துக்கு மாட்டிவிட்ட யூனிஃபார்மா என்று அவர் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறி வந்தது. தங்கச்சியின் குரல் கீழ்த்தளத்திலிருந்தே கேட்டது.

“எங்க அவ? வெளிய வரச்சொல்லு! உன் வியாதிக்கு என் பேருதான் கெடச்சுதா?”

பிளாக்கே கதவைத் திறந்தது. அக்கா வாசலுக்கு வந்தார், கையில் அரிசி களைந்த ஈரம்.

நடந்தது இதுதான். அக்காவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாசலில் நிற்கிறவர்கள் ஒழுங்காகப் பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, நிர்வாகமே ஓர் ஆளை வாடிக்கையாளர் மாதிரி அனுப்பும். பையில் பில் போடாத துணி ஒன்று இருக்கும். டம்மி பை என்பார்கள். வாசலில் இருப்பவர் கண்டுபிடிக்கிறாரா, விட்டுவிடுகிறாரா என்று ஒளிந்திருந்து பார்ப்பார்கள். அக்கா அதைத்தான் செய்திருக்கிறார். அடையாறில், ஏஐ எதுவும் இல்லாத, ஒரு வயதான டாக்டர் மைக்ரோஸ்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்கிற லேபில் தன் வில்லைகளைக் கொடுத்திருக்கிறார். பழைய ரிப்போர்ட்டைக் காட்டவில்லை. பெயர் கேட்டதற்குத் தங்கச்சியின் பெயர், தங்கச்சியின் வயது. போன் நம்பர் கேட்டார்கள். பெயருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தங்கச்சியின் நம்பரையே கொடுத்துவிட்டார். ரிப்போர்ட்டைக் கையில்தான் தருவார்கள் என்று நினைத்திருக்கிறார். அவர்களோ போனுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கச்சி வீட்டில் போன் புருஷன் கையில்தான் இருக்கும்.

“லேத்துல வேல செஞ்சிகினு இருந்த மனுஷன் அப்டியே வுட்டுட்டு ஓடியாந்தாரு. எங்க மாமியா ஒப்பாரியே வெச்சிட்டாங்க. ‘எங்கிட்ட மறைச்சிட்டியேடி’ன்னு அவரு அழுவுறாரு. எனக்கு ஒண்ணும் இல்லய்யான்னா எவன் நம்புறான்? எனக்கே நம்பிக்க வரல. எங்கெங்க வலிக்குதுன்னு தடவித் தடவிப் பாத்துகினு கெடந்தேன். ஏன்டி, ஊர சந்தேகப்பட்ட, சரி. கூடப் பொறந்தவ பேரையா வெச்சி வெளயாடுவ?”

அக்கா ஓர் அடி முன்னால் வந்தார்.

“அப்ப அங்கயும் அதேதான் வந்துதா?” என்று மட்டும் கேட்டார்.

தங்கச்சி திட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். அக்காவுக்கு நோய் உறுதி என்கிற செய்தியைத்தான் தான் கத்திக்கொண்டு வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அக்கா மாடிப்படியில் உட்கார்ந்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தார், காய்ந்த பிறகும்.

“பேர மாத்திக் குடுத்தேன், வயச மாத்திக் குடுத்தேன். மிஷினு சொன்னது அந்த ஆளுக்குத் தெரியாது. அவனும் அதையே சொல்றான்னா, பேரப் பாத்து சொல்லல, மிஷினப் பாத்து சொல்லல. சதையப் பாத்துத்தான் சொல்லிக்கீறான்” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, கையில் இருக்கிற பில்லை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிற மாதிரி இருந்தது.

தங்கச்சி இறங்கிப் போய்விட்டார். அக்கா அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புதுத் தேதி வாங்கினார். தங்கச்சி போனை எடுக்கவில்லை. எத்தனை முறை அடித்தாலும் எடுக்கவில்லை.

அறுவை சிகிச்சை அன்று அம்மாவும் நானும்தான் கூட இருந்தோம். அக்கா தன் கையில் கட்டிய பட்டையில் இருந்த பெயரை நர்ஸை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். எந்தப் பக்கம் என்று டாக்டர் பேனாவால் அடையாளம் போட்டிருந்தார். அதையும் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். தள்ளுவண்டி வருவதற்குச் சற்று முன் தங்கச்சி ஒரு பையோடு உள்ளே வந்தார். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

“பேரு ஒழுங்கா எழுதிக்கீறாங்களா பாத்துக்க. மறுபடியும் எம் பேரப் போட்டு என்ன அறுத்துடப் போறாங்க” என்றார்.

அக்கா சிரித்துவிட்டார். வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்து முடித்ததும், “பையில இன்னா? பிரிச்சுக் காட்டு” என்றார். தங்கச்சி முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டிகள். கையைத் தூக்க முடியாதவர்களுக்கு அதுதான் தோது என்று யாரையோ கேட்டு வாங்கி வந்திருந்தார்.

கட்டியோடு அக்குளில் நெறிக்கட்டி என்கிற நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். நோய் அதுவரைக்கும் பரவியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் மேற்கொண்டு என்ன வைத்தியம், எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதெல்லாம். அந்த வில்லைகளும் எங்கள் லேபுக்கே வந்தன. ஆஸ்பத்திரியிலேயே எண்ணைக் குறித்து வைத்திருந்ததால் இந்த முறை எனக்குத் தெரிந்தது. நானே அடுக்கி, நானே ஸ்கேன் செய்தேன். எல்லாவற்றையும் சுற்றிப் பச்சைக் கோடு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்ததும் இடுப்பில் பட்டுப் புடவையைச் சுற்றிக்கொண்டு போனவள்தான் நினைவுக்கு வந்தாள். ஏஐ வந்த பிறகு லேபில் ஒரு பழக்கம் மெல்ல உருவாகியிருந்தது. சிவப்பு வந்தால் மேடம் மைக்ரோஸ்கோப் பக்கம் திரும்புவார். பச்சை வந்தால் திரையிலேயே ஒரு பார்வை, ஒரு கையெழுத்து. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. செய்ய வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் மேனேஜர் “வேலை எவ்வளவு வேகமாயிடுச்சு பாத்தீங்களா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வில்லைத் தட்டை மேடமின் மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

“என்னப்பா, பச்சைதானே?”

“ஆமா மேடம்.”

“அப்புறம் ஏன் நின்னுண்டிருக்கே?”

“அந்த அக்காவோடது மேடம். முன்னாடி பாத்தீங்களா, அப்புறம் பாத்தீங்களான்னு கேட்டாங்களே.”

மேடம் பேனாவை மூடினார். கம்ப்யூட்டர் திரையை அணைத்தார். நாற்காலியை மைக்ரோஸ்கோப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஒண்ணொண்ணாக் குடு” என்றார்.

ஒவ்வொரு வில்லையையும் ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலை வரை, வயலில் ஏர் போவது போல வரிசை வரிசையாக நகர்த்தினார். ஒரு வில்லையில் நின்றுவிட்டார். லென்ஸை மாற்றினார். மறுபடி மாற்றினார். “ஒண்ணுமில்லை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார். தட்டு காலியானதும், “சுத்தமா இருக்கு. மிஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு” என்றார். பிறகு, நான் கேட்காமலே, “ஆனா அது இப்பத்தான் எனக்குத் தெரியறது” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கச்சி அக்காவை நேராக ஈக்காட்டுத்தாங்கலுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டைக் காலி செய்தபோதும் தங்கச்சியின் புருஷன்தான் வந்து சாமான் ஏற்றினார். இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம். கடை வாசலிலும் வேறொரு பெண். எல்லாரிடமும் ‘மீண்டும் வருக’ சொல்கிறாள், பையைப் பார்ப்பதில்லை. ஆகவே, அவரிடம் நான் கடைசியாகப் பேசியது, மேடம் அந்த வில்லைகளைப் பார்த்த அன்று மாலை லஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போனில்தான்.

“அக்கா, நெறிக்கட்டில ஒண்ணும் இல்லக்கா. பரவல.”

“மிஷினு கூவலியா?”

“கூவல.”

“அத்த வுடு. அந்தம்மா பாத்தாங்களா?”

“ஒவ்வொண்ணா பாத்தாங்கக்கா.”

“நீ பாத்தியா, அவங்க பாத்தத?”

“பக்கத்துலயே நின்னு பாத்தேன். கம்ப்யூட்டர அணைச்சிட்டுத்தான் பாத்தாங்க.”

மறுபக்கம் தங்கச்சி யாரையோ திட்டுவதும், பக்கத்துப் பட்டறையில் லேத் மிஷின் ஓடுவதும்தான் கேட்டன. அக்கா அழுகிறாரோ என்று நினைத்தேன்.

“சரி, போலாம்” என்றார்.

எனக்கு நடுரோட்டில் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, இப்பவாவது எங்க லேபுக்கு ‘போலாம்’ சொல்லிட்டியே!”

“அலட்டிக்காத. உனக்குத்தான் சொன்னேன். அந்த மிஷினுக்கு இல்ல.”